கவ் கிராஸ்: கெப்போங் மூலை வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்துப் பழகிய கை மதிப்பெண் போடாமல் இருக்காது. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு முற்றத்தில் பரப்பும் கவ் கிராஸ் என்ற அகல இலைப் புல்லுக்குப் பத்துக்கு எட்டு. ஊசி இலைப் பிலிப்பைன் கிராசுக்கு, கோலாலம்பூர் கெப்போங்கில் எங்கள் லோரோங்கின், அதாவது சந்தின், நிலைமையில், பத்துக்கு நாலு. முன்னது எங்கள் வீட்டில் இருக்கிறது, பின்னது எதிர்ச்சாரி மூலை வீட்டுச் சீன அங்கிளிடம். இரண்டும் ஒரே மழையில் நனைந்து ஒரே வெயிலில் காய்ந்தவை. ஒப்பிடுவதில் ஓரவஞ்சனை இல்லை.

கவ் கிராஸ் என்றவுடன் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. "அண்ணி, அதுதான் ரோட்டோரத்துல சும்மா வளருதே, அதையா வெள்ளி கொடுத்து வாங்குனீங்க?" என்று என் நாத்தனார் கேட்டார். (வெள்ளி என்று நாங்கள் சொல்வது ரிங்கிட்டை.) உண்மைதான். பள்ளித் திடல், ரோட்டோரம், மரத்தடி, தோட்டத்துக் கோயில் வாசல் என்று இந்த நாட்டில் பச்சையாகப் படர்ந்து கிடப்பதில் பெரும்பகுதி அதுதான். யாரும் தண்ணீர் ஊற்றாமல், உரம் போடாமல் அங்கெல்லாம் பிழைத்துக் கிடக்கிறதே, அதைவிடப் பெரிய சிபாரிசு என்ன வேண்டும்?

எங்களுடையது லிங்க் ஹவுஸ் வரிசையில் மூலை வீடு. பக்கவாட்டில் நானூறு சதுர அடி, அதாவது ஏறக்குறைய 37 சதுர மீட்டர். பாதிக்கு மாமரத்து நிழல். மீதிப் பாதியில் பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை வெயில் நேராக இறங்கும். அப்புறம் மேகம் கூடி, இடி இடித்துக் கொட்டும். கோலாலம்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை. ஏப்ரலை ஒட்டியும் நவம்பரை ஒட்டியும் கொட்டித் தீர்க்கும். ஜூன், ஜூலையில் கொஞ்சம் கையை இறுக்கும். குளிர்காலத்தில் உறங்கி வசந்தத்தில் எழுந்திருக்கும் புல்லுக்கு எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே அப்படியே செய்யப் போனால் கதை கந்தல். இங்கே புல்லுக்கு விடுமுறை கிடையாது, வெட்டுகிற நமக்கும் கிடையாது.

எங்கள் வரிசையில் பாதி வீடுகள் முற்றத்தை டைல்ஸ் போட்டு மூடிவிட்டன. என் வீட்டுக்காரரும் ஒரு கொன்ட்ரக்டரை வரவழைத்து அளவெடுக்க வைத்துவிட்டார். "இந்த மண்ணில் என்ன முளைக்கும்?" என்பதுதான் அவருடைய வாதம். நாங்கள் இருப்பதோ கெப்போங். ஃப்ரிம் என்ற வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு கூப்பிடு தூரம். ஈயம் தோண்டி எடுத்துவிட்டு மணலும் குழியுமாக விட்டுப்போன நிலத்தில் 1920களில் மரக்கன்று நட ஆரம்பித்து, இன்று அது அண்ணாந்து பார்க்கும் காடாக நிற்கிறது. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்தாயிற்று. ஈயக் குழியில் காடு வரும், நம் வீட்டில் புல் வராதா என்று கேட்டேன். டைல்ஸ் பேச்சு அத்தோடு நின்றது. நின்றது என்றால், தீபாவளிவரை நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

புல்லுக்கு முன்னால் மண். நான் செலவழித்ததில் பெரும்பங்கு புல்லுக்குப் போகவில்லை, மண்ணுக்குத்தான் போனது. வீடமைப்புத் திட்டம் வரும்போது புல்டோசர் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விடுகிறது. அடியில் இருந்த சிவப்புக் களிமண்ணை மட்டம் தட்டி அதன்மேல் வீடு கட்டுகிறார்கள். கட்டி முடித்ததும் சிமெண்டுக் கட்டி, உடைந்த செங்கல், டைல்ஸ் சில்லு, வளைந்த ஆணி எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளி, மேலே ஒப்புக்குக் கொஞ்சம் மண்ணைத் தூவிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் பக்கவாட்டில் மண்வெட்டி இறங்கிய இடமெல்லாம் 'ணங்' என்றுதான் சத்தம் வந்தது. பெயிண்ட் டின் மூடி ஒன்று, நீலக் குழாய்த் துண்டுகள், பாதி சிமெண்டு மூட்டை கெட்டியாகிக் கல்லாய்ப் போனது, எல்லாம் வெளியே வந்தன. இதற்குமேல் எந்தப் புல்லைப் பரப்பினாலும் ஆறு மாதத்தில் திட்டுத் திட்டாக மஞ்சளாகும். அப்போது புல்லைத் திட்டுவோம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, வாளித் தண்ணீரை நிரம்ப ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குத் தண்ணீர் இறங்கியிருந்தால் நல்லது. எங்கள் குழியில் பாதி அப்படியே நின்றது. அப்படி நின்றால் புல்லின் வேர் மூச்சு முட்டும், பாசி பிடிக்கும். பார்த்து முடித்தவுடன் குழியை மூடிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டு, சுகாதார அதிகாரிகள் கண்ணில் பட்டால் 500 வெள்ளி கொம்பவுண்ட், அதாவது அபராதம். புல்லுக்கு ஆன செலவைவிட அது அதிகம்.

களிமண் என்றால் மணல் கொட்டு என்று எல்லாரும் சொல்வார்கள். செய்யாதீர்கள். களியில் கொஞ்சம் மணலைக் கலந்தால் காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகிவிடும். நாங்கள் செய்தது வேறு. குப்பையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மண் கிளறும் முள்கரண்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி, செம்பனைக் குலைச் சக்கையில் செய்த கொம்போசை, அதாவது மக்கிய உரத்தை, இரண்டு அங்குலத்துக்குப் பரப்பிக் கலந்தோம். பிறகு வீட்டுச் சுவரிலிருந்து சாக்கடைப் பக்கமாக மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் இறங்கும்படி சரிவு. சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் மாலை மழை கொட்டி ஓய்ந்த அரைமணி நேரத்தில் தண்ணீர் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். இந்த மொத்த விமர்சனத்தில் ஒரே ஒரு வேலைதான் உங்களால் செய்ய முடியும் என்றால், சரிவைச் செய்யுங்கள்.

புளிப்பு மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கத்திய சிவப்பு மண்ணில் மழை காலங்காலமாகக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டதால் பி.எச். அளவு பெரும்பாலும் 4க்கும் 5க்கும் பக்கத்தில்தான் நிற்கும். வேறு புல் என்றால் டோலமைட் சுண்ணாம்பை மூட்டை மூட்டையாகக் கொட்டச் சொல்வார்கள். கவ் கிராஸ் 5இலிருந்து 6வரை சௌகரியமாக இருக்கும். கொம்போஸ் கலந்த பிறகு எங்கள் மண் 5க்குக் கொஞ்சம் மேலே காட்டியது, டோலமைட் மூட்டையை நான் பிரிக்கவே இல்லை. மாறாக, சிமெண்டுக் கட்டி மிஞ்சிக் கிடந்த சுவரோரத்தில் காரம் ஏறி, இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் புல் வெளுத்தது. அந்த ஓரத்தைத் தோண்டி மண்ணை மாற்றிய பிறகுதான் பச்சை திரும்பியது. சுண்ணாம்பு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு தூவுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இத்தனைக்கும் அப்புறம்தான் சுங்கை பூலோ. சாலையின் இரு பக்கமும் நர்சரிகள் வரிசையாக நிற்கும் அந்த வட்டாரம் பலருக்கும் தெரியும், அதன் கதை தெரிந்தவர்கள் குறைவு. 1930இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறந்தார்கள். குணமான பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்றார்கள். இன்று நாம் காரை நிறுத்திப் பேரம் பேசும் கடைகளின் வேர் அதுதான். ஐந்து வெள்ளிக்காக அங்கே நான் அதிகம் இழுப்பதில்லை.

நான் வாங்கிய கடைக்குச் சரியான பெயர்ப்பலகைகூடக் கிடையாது. வரிசைக் கடைசியில், புல்லும் மண்ணும் மட்டும் விற்கும் இடம். மற்றக் கடைகளில் நுழைந்தவுடன் பிலிப்பைன் கிராசைத்தான் காட்டினார்கள். இந்தக் கடைத் தம்பி விலையைச் சொல்வதற்கு முன், "டீச்சர், உங்க வீட்டுல நிழல் எவ்ளோ நேரம் விழும்? யாரு வெட்டப் போறா?" என்று கேட்டார். புல் விற்கிறவர் இந்த இரண்டு கேள்வியும் கேட்டால் அவரிடமே வாங்கலாம். எனக்குக் கொடுத்த விலை: கவ் கிராஸ் சதுர அடி 80 சென், பிலிப்பைன் ஒன்றரை வெள்ளி, பர்ல் கிராஸ் அதற்கும் பத்து சென் மேலே. லோரி வாடகை தனி.

அவரே காட்டிக்கொடுத்த சில விஷயங்களை இங்கே எழுதி வைக்கிறேன். புல்லைத் தகடு தகடாக வெட்டி அடுக்கியிருப்பார்கள். மேல் தகட்டைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள், அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அடுக்கின் நடுவில் கையை விடுங்கள். சூடாக இருந்தால் வெட்டி ரொம்ப நேரம் ஆகிவிட்டது, உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு தகட்டின் மூலையைத் தூக்கி ஆட்டுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேர் பின்னவில்லை. அடியில் வழவழவென்று மஞ்சள் களி ஒட்டியிருந்தால் அது நம் மண்ணோடு சேராது, தண்ணீர் நடுவில் நின்றுவிடும். கடைசியாக, குனிந்து கோரையைத் தேடுங்கள். மற்ற இலைகளைவிடப் பளபளப்பாக, நட்டுக்குத்தலாக நிற்கும். தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டினால் முக்கோணம் தட்டுப்படும். ஒரு தகட்டில் இரண்டு கோரைக்கு மேல் இருந்தால் அந்த அடுக்கே வேண்டாம்.

நல்ல தகடு ஒன்றிலிருந்து ஓர் ஓடுதண்டை உருவி என் கையில் கொடுத்தார். தட்டையான தண்டு, பெருவிரல் அகலத்துக்கு ஒரு கணு. ஒவ்வொரு கணுவிலும் மெல்லிய வெள்ளை ரோமம், மேல்பக்கம் இரண்டு இலை, கீழ்ப்பக்கம் கொத்தாக வேர். இலையின் நுனி கூராக இருக்காது, மழுங்கி வளைந்திருக்கும். ஓரம் லேசாக அலையடிக்கும். அந்தத் தண்டை எந்தக் கணுவில் கிள்ளிப் போட்டாலும் தனியாகப் பிழைத்துக்கொள்ளும். காரைப் பின்னால் எடுக்கும்போது டயர் ஏறித் தேய்ந்த இடத்தை இந்தப் புல் தானாகவே மூடுவதற்குக் காரணம் அந்தக் கணுக்கள்தான். புதுத் தகடு வாங்கி ஒட்டுப்போட வேண்டிய வேலை இல்லை.

சரி, பிலிப்பைன் கிராசுக்கு ஏன் நாலு? அது கெட்ட புல் என்று சொல்லவில்லை. சொய்சியா இனம், ஊசி போன்ற இலை, அடர்த்தி, மிதித்தால் மெத்தென்று இருக்கும். வறட்சியையும் உப்புக்காற்றையும் தாங்கும். பினாங்கில் கடற்கரையை ஒட்டி இருக்கும் என் தங்கை வீட்டில், மணல் தரை, நாள் முழுக்க வெயில், அங்கே அது ராஜா மாதிரி இருக்கிறது. அங்கே நான் ஒன்பது போடுவேன். கெப்போங்கில் கதை வேறு. சீன அங்கிள் வீட்டில் ரம்புத்தான் மர நிழல் விழும் பக்கம் முழுவதும் மெலிந்து மண் தெரிகிறது. வளர்ச்சி மந்தம் என்பதால் இடைவெளி மூடுவதற்குள் கோரை உள்ளே புகுந்து குடியேறிவிட்டது. வெயில் பக்கத்திலோ அடியில் காய்ந்த தண்டு சேர்ந்து மேடு மேடாக உப்பிக் கிடக்கிறது. அதை வெட்டக் கூர்மையான நல்ல மெஷின் வேண்டும். நைலான் கயிற்று மெஷின் பட்டால் மேட்டு உச்சியெல்லாம் மொட்டை. போதாக்குறைக்கு, அவருக்கு விற்றவர்கள் தகடுகளை லோரியிலேயே கான்வாஸ் போட்டு மூடி வாரக்கடைசி முழுக்க நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை இறக்கினார்கள். பாதி அன்றே மஞ்சள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "தண்ணி ஊத்துங்க, வந்துரும்" என்ற பதில்தான்.

பர்ல் கிராஸ் கவ் கிராசின் குள்ள வகை. இலை சின்னது, நிழலும் தாங்கும், அடிக்கடி வெட்ட வேண்டாம். இரட்டை விலை கொடுக்க மனசிருந்தால் சின்ன முற்றத்துக்கு அதை வாங்குங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். அருகம்புல்லை என் அத்தை கேட்டார். பிள்ளையாருக்கு ஆகும், ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி என்று வாழ்த்துவதும் அதைத்தானே என்றார். வாஸ்தவம்தான். ஆனால் அருகுக்கு முழு வெயில் வேண்டும். மாமரத்தடியில் அது வேரூன்றாது, நீண்டு வெளுத்து ஒதுங்கிவிடும். அத்தைக்காக வாசலில் வெயில் படும் இடத்தில் ஒரு தொட்டியில் வைத்திருக்கிறோம். விநாயகர் சதுர்த்திக்கு அதுவே தாராளம்.

பரப்புவது பெரிய வித்தை இல்லை. வந்த அன்றே பரப்பிவிட வேண்டும், செங்கல் சுவரில் அடுக்குவதுபோல் சந்துகள் நேர்க்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும், பலகையைப் போட்டு ஏறி மிதிக்க வேண்டும், சந்துகளில் மண்ணைத் தூவ வேண்டும். முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் தண்ணீர், மழை பெய்த நாளில் வேண்டாம். பணத்தை மிச்சப்படுத்த நினைத்தால் இடைவெளி விட்டுத் திட்டுத் திட்டாகவும் நடலாம், இரண்டு மூன்று மாதத்தில் கூடிவிடும். ஆனால் அந்த இடைவெளியில் களை எடுத்தே இடுப்பு ஒடியும். நான் முழுக்கப் பரப்பினேன்.

இனி வெட்டுவது. இந்த நகரத்தில் வீட்டுப் புல் சாவதற்கு முதல் காரணம் பூச்சியும் இல்லை, வெயிலும் இல்லை, வெட்டுகிற உயரம்தான் என்பது என் கட்சி. பழைய களைக்காடாக இருந்த காலத்தில் முதுகில் மெஷின் மாட்டிய ஆட்களைத்தான் கூப்பிடுவோம். ஒரு தடவைக்கு 40 வெள்ளி. அவர்களுக்கு அவசரம். இன்னும் பத்து வீடு பாக்கி. மண் தெரிய வழித்தால்தான் 'சுத்தமாக' வெட்டியதாக வாடிக்கையாளர்களும் நினைக்கிறார்கள், அதனால் அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் மாமரத்தின் அடிப்பட்டையை நைலான் கயிறு சுற்றிச் சுற்றித் தின்றுவிட்டது. ஒரு நாள் கல் தெறித்து எங்கள் மைவி காரின் பின்கண்ணாடி பொடிப்பொடியாகிவிட்டது. "இன்சூரன்ஸ் அடா, பாஸ்" (காப்புறுதி இருக்கிறதே) என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். கண்ணாடிக்குத் தனிக் காப்புறுதி எடுத்திருக்கிறோமா என்று யார் கேட்டார்கள்?

அதனால் இப்போது சொந்த மெஷின், பேட்டரியில் ஓடும் தள்ளு மெஷின். இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். மோட்டார் இல்லாமல் உருளை சுற்றி வெட்டும் கைமெஷின் பார்க்க அழகு, விலையும் மலிவு, ஆனால் கவ் கிராசுக்கு ஆகாது. இந்தப் புல்லின் பூங்கதிர் கம்பிபோல் மெலிசாக, உச்சியில் இரண்டு மூன்று விரலாகப் பிரிந்து நிற்கும். உருளை வந்தால் தலைகுனிந்து வழிவிட்டு, போனதும் நிமிர்ந்துவிடும். கத்தி படுக்கைவசமாகச் சுழலும் மெஷின்தான் அதைச் சீவும். உயரத்தை 4 சென்டிமீட்டருக்குக் கீழே வைக்காதீர்கள். நிழல் பக்கம் 5. இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. மழை மாதங்களில் வாரம் ஒரு முறை, மற்றபடி பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. பனி காய்ந்த பின், மாலை மழைக்கு முன் வெட்டிவிட வேண்டும். ஈரத்தில் வெட்டினால் கூழாகி மெஷினின் அடியில் அப்பிக்கொள்ளும், குச்சியால் சுரண்டிச் சுரண்டி உயிர் போகும். வெட்டிய துணுக்கை வாரிக் கட்டிக் குப்பைக்குப் போடாதீர்கள். இந்த வெப்பத்துக்கு ஒரு வாரத்தில் மக்கி உரமாகிவிடும். மெஷின் ஓடும்போது பின்னாலேயே மைனாக்கள் நடந்து வரும், பூச்சிகளை அவை பார்த்துக்கொள்ளும்.

உயரமாக விட்டதில் இன்னொரு லாபம், களை குறைந்தது. மண் நிழலில் இருந்தால் களை விதை முளைக்காது. மிஞ்சுவது மூன்று பேர். தொட்டாற்சிணுங்கியைக் கையுறை போட்டு வேரோடு பிடுங்கினால் முடிந்தது. பேண்ட் ஓரமெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் ஒட்டுப்புல்லைக் கதிர் முற்றுவதற்குள் எடுத்துவிட வேண்டும். கோரைதான் வில்லன். மேலே பிடுங்கினால் அடியில் கிழங்கு தங்கிவிடும், ஒன்று போன இடத்தில் நாலு வரும். இங்கேதான் என் அத்தை களத்தில் இறங்கினார். கோரைக்கிழங்கு அவருக்குக் களை இல்லை, குளியல் பொடிக்குச் சாமான். மழை விட்டு மண் இளகியிருக்கும்போது ஒரு பழைய ஸ்குரூ டிரைவரை ஆழமாக இறக்கி, நெம்பி, கருப்புக் கிழங்கை முழுசாக எடுத்துக் கழுவி முறத்தில் காய வைத்துவிடுவார். மருந்தடித்திருந்தால் இந்த அளவுக்குக் குறைந்திருக்குமா என்று தெரியாது, வாசனைப் பொடி நிச்சயம் கிடைத்திருக்காது.

மருந்து என்றதும் ஓர் எச்சரிக்கை. கடையில் 'புல் மருந்து' என்று பொதுவாகக் கேட்டால் கிளைபோசேட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது களை, புல் என்று பேதம் பார்க்காது, பட்ட பச்சையெல்லாம் போய்விடும். பழைய தோட்டத்து ஆட்கள் பேராகுவாட் தேடுவார்கள். 2020 ஜனவரி முதல் நாட்டில் அதற்குத் தடை. எங்கேயாவது பழைய போத்தல் கிடந்தாலும் தொடாதீர்கள்.

உரம் சுருக்கமாக: பச்சை என்.பி.கே., அதாவது 15-15-6-4 என்று மூட்டையில் போட்டிருப்பது. எங்கள் 37 சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை. இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். நீல உரம் பூவுக்கும் காய்க்கும், புல்லுக்கு வேண்டாம். இந்தப் புல் தீனிப்பண்டாரம் இல்லை. அதிகம் போட்டால் அதிகம் வெட்ட வேண்டிவரும், அவ்வளவுதான். திடீரென்று வட்டமாக மஞ்சள் விழுந்தால் உரத்தைத் தேடாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு கரண்டியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து அந்த இடத்தில் ஊற்றுங்கள். பிள்ளைப்பூச்சியோ புழுவோ இருந்தால் சில நிமிடத்தில் மேலே வந்துவிடும். வரவில்லை என்றால் பூச்சி மருந்துக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

இனி தீபாவளி. எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பு பக்கவாட்டில்தான் நடக்கும். இரண்டு கானோப்பிப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மட்டன் பிரட்டல் சட்டிகள், பிள்ளைகளின் ஓட்டம். மாதமோ மழை உச்சத்தில் இருக்கும் மாதம். முந்தைய ஆண்டுகளில் விருந்தினர் காலெல்லாம் சிவப்புச் சேறு, வரவேற்பறையெல்லாம் சிவப்புத் தடம். டைல்ஸ் போட்டிருந்தால் இந்த அவதி உண்டா என்று வீட்டுக்காரர் எல்லார் முன்னிலையிலும் கேட்பார். புல் பிடித்த பிறகு வந்த தீபாவளியில், மதியம் ஒரு மணிநேரம் கொட்டித் தீர்த்தது. சேறு எழும்பவில்லை. மறுநாள் கானோப்பிக் கால் நின்ற இடத்திலும் சாப்பாட்டு மேசையடியிலும் புல் நசுங்கிப் படுத்திருந்தது. கறிக்குழம்பு கொட்டிய ஒரு வட்டம் கருகியே போனது. முள்கரண்டியால் அங்கங்கே குத்திவிட்டு, வெட்டாமல் விட்டோம். கார்த்திகை தீபத்துக்குள் நசுங்கியதெல்லாம் எழுந்துவிட்டது. கருகிய வட்டத்துக்குச் சுற்றிலுமிருந்து ஓடுதண்டுகள் வந்துகொண்டிருந்தன. அளவெடுத்த கொன்ட்ரக்டரை அவர் திரும்பக் கூப்பிடவில்லை.

இரண்டு மதிப்பெண் ஏன் போயிற்று என்றும் சொல்ல வேண்டும். ஒன்று வறட்சிக்கு. இதன் வேர் மேலோட்டமானது. ஜூலையில் பத்து நாள் சேர்ந்தாற்போல் மழை இல்லை என்றால் இலை சுருண்டு, நடந்த காலடி நிமிராமல் அப்படியே தெரியும். அந்தச் சமயம் பார்த்து வட்டாரத்தில் தண்ணீர் வெட்டும் வந்தால் அரிசி கழுவிய தண்ணீர்தான் கதி. இன்னொன்று தோற்றத்துக்கு. இலை அகலம், நிறம் வெளிர்பச்சை, எவ்வளவு சீராக வெட்டினாலும் இரண்டு நாளில் கதிர் தலைநீட்டிவிடும். கோல்ஃப் திடல் மாதிரி வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். கேட்டுக்கும் குழாயடிக்கும் நடுவே தினமும் ஒரே தடத்தில் நடந்தால் அங்கே மண் தெரியும். நாங்கள் நாலு கல் பதித்துவிட்டோம். சாக்கடை ஓரத்தில் ஓடுதண்டு சிமெண்டைத் தாண்டித் தொங்கும், மாதம் ஒரு முறை கத்தரிக்க வேண்டும்.

நாள் முழுக்க வெயில் அடிக்கும், மணற்பாங்கான, உப்புக்காற்று வீசும் இடம் என்றால் பிலிப்பைனுக்கே போங்கள். நிழல், களிமண், மாலை மழை, வேலைக்குப் போய்வந்து வாரக்கடைசியில் மட்டும் நேரம் என்றால் கவ் கிராஸ். வாங்கும்போது அளவைவிட இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் கூடுதலாகச் சொல்லுங்கள், ஓரத்துக்கு வெட்டி வைக்கத் துண்டுகள் தேவைப்படும். லோரியை வேலைநாள் காலையில் வரச் சொல்லுங்கள். அன்று காலையில் வெட்டிய புல்தானா என்று இறக்குவதற்கு முன் கேளுங்கள், அடுக்கின் நடுவில் கையை விட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.